மூன்று பேர் ஒத்துக்கொண்ட கை

கீரைக்கொல்லைத் தெருவில் மாநகராட்சி வைத்த கேமரா இரண்டு. இரண்டும் பழுதாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, பதினோராம் நம்பர் வீட்டில் மங்கையர்க்கரசி இருக்கிறாள். யார் வீட்டுக்குக் கூரியர் வந்தது, யார் வாங்கினார்கள், வாங்கியவர் முகம் எப்படிப் போனது என்பதுவரை அவளிடம் பதிவு உண்டு. கேமரா முகத்தைத்தான் காட்டும். மங்கை அந்த முகத்துக்குக் காரணமும் சொல்வாள்.

அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பியூலாவுக்குப் பச்சை உறையில் கடிதம் வந்தது. பச்சை உறை என்றால் பைபாஸ் ரோட்டில் சுவரெல்லாம் கண்ணாடியாகக் கட்டிய ஆஸ்பத்திரி, தெரு வைத்த பேர் கண்ணாடி ஆஸ்பத்திரி. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை அப்படியே அணைத்துவிட்டு மங்கை கிளம்பினாள். உறையைப் பிரிக்கும்போது கூட இருப்பதற்கும் பிரித்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா.

பியூலா முன்னறையில் பார்லர் வைத்திருப்பவள். உறையூர் வட்டாரத்தில் பாதிப் பெண்களின் புருவம் அவள் நூலில் உருவானது. நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் திரெடிங் செய்தால் வலி தெரிவதற்குள் புருவம் முடிந்திருக்கும். நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. கண்ணாடி ஆஸ்பத்திரி மெஷின் நாற்பது நிமிஷத்தில் தகடு வைத்துத் தைத்து அனுப்பியது. எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. நூலைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்லர் நாற்காலியின் மேல் இப்போது துவைத்த துணி கிடக்கிறது.

"படிங்கக்கா," என்றாள் பியூலா.

மங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். "தங்கள் வலது மேற்கையில் செய்யப்பட்ட அறுவை, ஓருடல் வரைபடத்தின்படி பிழையின்றி நிறைவேறியது. தாங்கள் குறிப்பிடும் உணர்விழப்பு, தங்கள் உடல் வரைபடத்துக்கு இணங்காமையால் நேர்ந்திருக்கலாம். மறு அறுவைக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இணைப்பிலுள்ள 'இணங்கா உடல்' ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பவும்."

படித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். "கையெழுத்துப் போடணுமாம். எந்தக் கையால போடுறதாம்?"

ஓருடல் என்பது ஒன்றும் ரகசியமில்லை. பன்னிரண்டு லட்சம் பேரின் உடம்பை ஸ்கேன் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சலித்து, ஒரே உடம்பாக ஆக்கினார்கள். எல்லா மெஷினும் அதைப் பார்த்துத்தான் அறுக்கும். பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. மணப்பாறைக்காரர்கள் பெரிய ஊருக்கு அலையாமல் மணப்பாறையிலேயே குடல்வால் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கத்தியைப் பிடிப்பது மெஷின், மெஷின் பார்ப்பது வரைபடத்தை, நோயாளியைப் பார்ப்பது யாருமில்லை என்று ஆகிவிட்டது. போன தை மாதம் எதிர்வீட்டு நீலவேணி மகளுக்கு வந்த வரன் வீட்டார் ஜாதகத்தோடு, பெண்ணின் உடம்பு ஓருடலுக்கு இணங்கியது என்று இணக்கச் சான்றும் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு மூக்கு ஒரு பக்கமாக இருந்தது. அதற்குச் சான்று யாரும் கேட்கவில்லை.

"கிளம்பு," என்றாள் மங்கை. "நேர்லயே கேட்டுருவோம்."

"நாலு தடவை போயாச்சேக்கா."

"நான் வரலையே."

கண்ணாடி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று யாரும் கண்ணில் படவில்லை. நோயாளர் உறவு அதிகாரி என்று ஒரு பெண் வந்தாள். சட்டைப் பையில் சம்யுக்தா என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல புருவம், ஆனால் இடது பக்கம் கொஞ்சம் அதிகம் எடுத்துவிட்டார்கள் என்று மங்கை கணக்கில் வைத்துக்கொண்டாள்.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது மேடம்," என்று ஆரம்பித்தாள் சம்யுக்தா.

"அவளுக்கு வலியே இல்ல. மரத்துப் போச்சு. அதான் பிரச்சினை. முதல்ல அதைப் புரிஞ்சுக்கங்க."

சம்யுக்தா திரையைத் திருப்பிக் காட்டினாள். நீலமாக ஒரு கை சுழன்றது. உள்ளே மஞ்சள் கோடுகள். "மெஷின் போன பாதை இது. பாருங்க, அந்தப் பாதையில நரம்பே கிடையாது. இல்லாத நரம்பை மெஷின் எப்படி வெட்டும்?"

"வெட்டலைன்னா விரல் ஏன் மரத்துச்சு?"

"அது இணங்காமை மேடம்."

"சரிம்மா, பேரு எதுவா வேணா இருக்கட்டும். வெட்டினதை ஒட்டிக் குடுங்க."

"இல்லாத நரம்பை எப்படி மேடம் ஒட்டுறது?"

மங்கை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வெகுநேரம் இருக்கப்போகிறேன் என்று அதற்கு அர்த்தம். "எங்க தெரு உங்க போன் மேப்புல கிடையாது. போன மாசம்கூட காஸ் சிலிண்டர்காரன் சுத்திச் சுத்தி வந்தான். அதுக்காக நாங்கெல்லாம் வீடில்லாதவங்களா?"

சம்யுக்தா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னதாச் சொல்லாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில ரவூப்னு ஒரு டாக்டர் இருக்கார். கையாலயே அறுவை செய்வார். அவரைப் பாருங்க."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மங்கையிடம் சொல்கிறவர்கள் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு.

டாக்டர் ரவூப் ஒல்லியான மனிதர். பியூலாவைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களை ஒரு பஞ்சால் தொட்டார். சுண்டுவிரலைத் தொட்டபோது "இது" என்றாள். கட்டைவிரலைத் தொட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் மூன்று தடவை தொட்டார். பியூலா கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலையா டாக்டர்?" என்றாள்.

"உங்க கையைக் குடுங்கம்மா," என்றார் டாக்டர் மங்கையிடம். பால்பாயிண்ட் பேனாவால் அவள் மேற்கையிலேயே இரண்டு கோடு இழுத்தார். "தோள்ல இருந்து இறங்குற நரம்புல ரெண்டை மட்டும் பாருங்க. இது முழங்கையை மடக்குற தசைக்குப் போறது. இது நடுவால இறங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் போறது. புத்தகத்துப் படத்துல ரெண்டும் தனித்தனி. ஆனா நூறு பேருல பத்துப் பதினஞ்சு பேருக்கு, மேற்கை நடுவுல முதல் நரம்புல இருந்து ஒரு கிளை குறுக்கே ஓடி ரெண்டாவதோட சேரும்." மூன்றாவதாகச் சாய்வாக ஒரு சின்னக் கோடு போட்டார். "சிலருக்கு முதல் நரம்பே இருக்காது, ரெண்டாவதே எல்லா வேலையும் பாத்துக்கும்."

"அது என்ன வியாதி டாக்டர்?"

"வியாதியே இல்லம்மா. அவங்க அப்படி. விரலுக்குப் போற சேதி வேற பஸ்ஸுல ஏறி, பாதியில மாறி ஏறுது. அவ்வளவுதான். போய்ச் சேர்ந்துரும். இவங்களுக்கு அந்த மாறி ஏறுற இடத்தை வெட்டிட்டாங்க. வரைபடத்துல நரம்பு இல்லாத இடத்துல வெள்ளையா எதைப் பார்த்தாலும் மெஷின் அதைச் சவ்வுன்னுதான் எடுத்துக்கும்."

"நீங்களா இருந்தா?"

"நாங்க வெட்டுறதுக்கு முன்னால 'இது என்ன'ன்னு ஒரு தடவை கேட்டுக்குவோம். எனக்கு ஆசான் சொல்லிக்குடுத்த முதல் பாடம் அது. மெஷினுக்கு அந்தச் சந்தேகத்தைச் சொல்லிக்குடுக்கல."

"அப்போ நீங்களே ஒட்டிருங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "ஒட்டலாம். ஆறு மாசத்துக்குள்ள ஒட்டினா நல்லது. தள்ளிப் போகப் போக, சேதி வராத தசை சூம்பிப் போயிரும், நரம்பும் அந்தப் பக்கம் வளராது. நாலு மாசம் ஏற்கெனவே போச்சு. ஆனா வரைபடத்துல இல்லாததைத் தேடி ஒரு உடம்பைத் திறந்தா என் உரிமம் போயிரும். சட்டம் அப்படி. வரைபட ஆணையத்துக்கு நானே மூணு தடவை எழுதினேன். நூறு வருஷமா புத்தகத்துல இருக்குன்னு. அதெல்லாம் பிணத்தைப் பார்த்து எழுதினது, எங்களுடையது பன்னிரண்டு லட்சம் உயிருள்ள உடம்பு, அதுல ஒண்ணுல கூட இந்தக் கிளை இல்லைன்னு பதில் வந்துச்சு."

"ஒண்ணுகூடவா?"

"பூஜ்யம். அதான் இடிக்குது. பன்னிரண்டு லட்சத்துல ஒரு லட்சமாவது வந்திருக்கணும். பத்து வந்திருந்தாக்கூட சரி, கணக்குல தப்புன்னு விட்டுருவேன். பூஜ்யம்னா யாரோ துடைச்சிருக்காங்க." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதையும் அனுப்பினாங்க. 'ஒவ்வொரு ஸ்கேனும் ஒருவரையொருவர் அறியாத, பயிற்சி பெற்ற மூன்று குறிப்பாளர்களால் தனித்தனியே குறிக்கப்பட்டது. மூவரும் ஒத்துக்கொண்ட கோடு மட்டுமே வரைபடத்தில் ஏற்கப்பட்டது.' மூணு பேரும் தனித்தனியாப் பார்த்து இல்லைன்னு சொன்னா, நான் ஒருத்தன் என்ன சொல்றது?"

மங்கை சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மங்கை ஜன்னல் பக்கம். கையில் டாக்டர் போட்ட மூன்று கோடுகளும் வியர்வையில் லேசாகப் பரவியிருந்தன. எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தாள். போகவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கீரைக்கொல்லைத் தெருவில் ஒரு வேலை வந்தது. வீட்டிலிருந்தபடியே டேப்லெட்டில் கோடு போடுகிற வேலை. கருப்பு வெள்ளையில் யாருடையதோ கை வரும், துண்டு துண்டாக. அதில் நரம்பு ஓடும் இடத்தை விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். பயிற்சி என்பது இருபது நிமிஷ வீடியோ, அதிலும் பாதி நேரம் வணக்கம் சொன்னார்கள். ஒரே கை மூன்று பேருக்குப் போகும். மூன்று பேரும் ஒரே மாதிரி போட்டால் பச்சை. ஒருத்தி மாறினாலும் மூன்று பேருக்கும் சிவப்பு. பத்துச் சிவப்பு சேர்ந்தால் அன்றைக்குச் செயலி பூட்டிக்கொள்ளும்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று நிறுவனம் நம்பியது. மங்கை, பியூலா, நீலவேணி மூவருக்கும் ஒரே எண் போட்ட கைதான் வருகிறது என்பதை மங்கை மூன்றாம் நாளே, மாடியில் வடகம் காயப்போடும்போது விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு சிவப்பே வரவில்லை. "எங்கடி போட்ட?" "எலும்புக்கு உள்பக்கமாக்கா." "நானும் அங்கேயே போடுறேன்." போன் போகும், மூன்று கோடும் ஒன்றாகும். அந்த வருஷம் நிறுவனம் அவர்கள் மூவருக்கும் 'அதிக ஒப்புமை' என்று சான்றிதழ் அனுப்பியது. மங்கையுடையது இன்னும் ஹாலில் தொங்குகிறது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பியூலா சொன்னாள். "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

"என்னது?"

"அந்தக் கையோட நம்பர்க்கா. குறுக்கே ஒரு கிளை ஓடுச்சே. நான் அதைப் போட்டேன். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

மங்கை நடுவழியில் நின்றாள். பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டு திட்டினார். வேறு நாளாக இருந்தால் அவர் ஊர் பேர் எல்லாம் வாங்கியிருப்பாள். "நானா? நான் அப்படிச் சொல்லவே இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சரிக்கா."

"என்ன சரிக்கா? எப்பத்திலிருந்து இதை மனசுல வெச்சிருக்க?"

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கே தோணுச்சு. விரல் ஏன் மரத்திருக்குன்னு யோசிச்சப்போ அந்தப் படம்தான் கண்ணுல வந்துச்சு."

"நாலு மாசமா சொல்லல?"

பியூலா கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க எனக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு இருந்தீங்க. நடுவுல எப்படிக்கா சொல்றது."

மங்கையிடம் ஒரு பழக்கம். தெருவில் யார் என்ன சொன்னாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பாள். நாளைக்கு நான் சொல்லவில்லை என்று யாராவது சாதித்தால் நீட்டுவதற்கு. பழைய போன்கள் நாலையும் தூக்கிப் போடாமல் பிஸ்கெட் டப்பாவில் வைத்திருந்தாள். மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தாள், தான் சொல்லவில்லை என்று நிரூபிப்பதற்காக.

இரண்டாவது போனில் இருந்தது. 'கோட்டுக்காரிகள்' என்று அவளே ஆரம்பித்த குழு. பியூலா போட்ட படம், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. இரண்டு நரம்புக்கும் நடுவே சாய்வாக ஒரு வெள்ளை இழை, பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பளிச்சென்று. கீழே, சூப்பர்வைசர் தினகருக்குத் தனியாக எழுதியதைப் பியூலா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தாள்: "சார், இங்கே குறுக்கே ஒரு நரம்பு போகிறது. போன வாரமும் நாலைந்து கையில் பார்த்தேன்." அவன் பதில்: "மூவரும் ஒத்துப்போகாததை நீக்கவும். சந்தேகம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்."

அதற்கும் கீழே ஒரு குரல் பதிவு. மங்கையின் குரல், ஏழு வருஷம் இளையது, நல்ல தெம்பானது.

"பியூலா, அந்தக் குறுக்கு இழையைத் தூக்கிரு. உன் ஒருத்தியால எங்க ரெண்டு பேருக்கும் சிவப்பு வருது. உடம்புன்னா ஒழுங்காத்தான் இருக்கும். அது ஸ்கேன்ல விழுந்த அழுக்கு. நீலா, நீயும் கேட்டுக்க. இனிமே அந்த மாதிரி எது வந்தாலும் மூணு பேரும் விட்டுருவோம்."

மங்கை அதை இரண்டாம் முறை கேட்கவில்லை.

நீலவேணி செய்தி தெரிந்து ஓடி வந்தாள். தெரிவித்தது மங்கைதான், பழக்கம் போகவில்லை. "அக்கா, தினகர் எழுதினதை மட்டும் குடுங்க. உங்க குரலை வெட்டிருங்க. நம்ம பேரும் சேர்ந்து வரும். எம் பொண்ணுக்கு வரன் பேசிட்டு இருக்கேன்."

"வெட்டிரலாம்," என்றாள் மங்கை. "அதை வெட்டிட்டா மூணு பேரும் தனித்தனியாப் பார்த்து அழுக்குன்னு முடிவு பண்ணினோம்னு ஆகும். பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும். டாக்டர் கத்தியைத் தொட முடியாது." பழைய போனைத் தட்டிக் காட்டினாள். "மூணு பேரு இல்ல, ஒரே ஆளுதான்னு அந்தக் குரல்தான்டி சொல்லுது."

"தெரு சிரிக்கும்க்கா."

மங்கை ஹாலில் தொங்கிய சான்றிதழைக் கழற்றி, தூசி தட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டாள். தெரு சிரிக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷமாகச் சிரிக்க வைத்தவளே அவள்தான்.

பியூலா பேரில் மங்கை கொடுத்த மனுவின்மேல் வரைபட ஆணையத்தின் விசாரணை கலெக்டர் அலுவலகத்துப் பின்கட்டில் நடந்தது. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நிறுவனத்துக்கு ஒரு வக்கீல், ஆஸ்பத்திரிக்கு ஒரு வக்கீல். பியூலாவுக்கு மங்கை. டாக்டர் ரவூப் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

படத்தைக் காட்டினாள், தினகர் பதிலைக் காட்டினாள், பிறகு போனை மேஜையில் வைத்துத் தன் குரலை ஓடவிட்டாள். "அது ஸ்கேன்ல விழுந்த அழுக்கு" என்று அது அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னது. மங்கை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முகம் பார்க்காமல் அவள் ஒரு அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

நிறுவனத்து வக்கீல் எழுந்தார். அவருக்கு நிம்மதி. "ஆக, தவறு முழுக்க இந்தப் பெண்களுடையது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விதிப்படி அவர்கள் கலந்து பேசியிருக்கவே கூடாது."

"ஆமாங்க," என்றாள் மங்கை. "என் தப்புதான். அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் வம்பு பேசுறவ, எங்க தெருவுல பால்காரரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனா ஒண்ணு கேக்குறேன். பன்னிரண்டு லட்சம் பேரோட உடம்பை என் வம்பை நம்பி வரைஞ்சீங்களே, அது யாரோட தப்பு? சந்தேகம் கேட்டவளை நேரத்தை வீணாக்காதேன்னு சொன்னது நானா? இவ கையை அறுத்துட்டு, இணங்கா உடல்னு இவ தலையிலேயே எழுதினது நானா? மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறியாதவங்கன்னு அச்சடிச்சீங்க. ஒரே ஒரு தடவை தெருவுக்கு வந்து பார்த்திருந்தா, எனக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு சுவருதான்னு தெரிஞ்சிருக்கும். சான்றிதழ் அனுப்பத் தெரிஞ்சுதுல்ல, அந்த விலாசத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கத் தெரியலையா?"

தன் சான்றிதழோடு, மற்ற இருவரிடமும் வாங்கி வந்ததையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். பியூலாவுடையது பன்னிரண்டாம் நம்பர் வீடு, நீலவேணியுடையது எதிர்வரிசை இருபத்திரண்டு. அதிகாரி மூன்றையும் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை படத்துல இப்படிச் செஞ்சீங்க?"

"வந்ததுல எல்லாம்ங்க."

"மற்ற ஊர்களிலும் இப்படித்தான் நடந்திருக்குமா?"

"மத்த ஊர்லயும் மனுஷங்கதானே வேலை பார்த்திருப்பாங்க."

அதிகாரியின் பேனா நின்றது. பிறகு எழுதத் தொடங்கியது, வெகுநேரம் எழுதியது. நிறுவனத்து வக்கீல் தண்ணீர் குடித்தார்.

பதினொரு நாளில் உத்தரவு வந்தது. மேற்கை வரைபடம் ஐயத்துக்குரியது, மருத்துவர் கண்ணால் பார்த்து அறுவை செய்யலாம். மேற்கை மட்டும். காலிலோ வயிற்றிலோ ஏதாவது குறுக்கே ஓடுகிறவர்கள் அவரவர் தெருவில் ஒரு மங்கையர்க்கரசியைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். கண்ணாடி ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவித்து இன்னொரு பச்சை உறை அனுப்பியது. அதிலும் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவம் இருந்தது. தினகர் இப்போது பெங்களூரில் தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக இருக்கிறானாம். மங்கை விசாரித்துவிட்டாள்.

ஆறு மாதம் நிறைவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது டாக்டர் ரவூப் பியூலாவின் கையைத் திறந்தார். மூன்று மணி நேரம். வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். "இருந்துச்சும்மா. சரியா அந்த நாலாயிரத்துச் சொச்சம் படத்துல இருந்த இடத்துலயே. ரெண்டு முனையும் தீக்குச்சி நீளத்துக்கு விலகிக் கிடந்துச்சு. கால்ல இருந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து இணைச்சிருக்கேன்."

"விரல் எப்ப வரும்?"

"ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அதுவும் வளர்ந்தா. முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

மங்கை வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பால் பியூலாவின் தழும்பிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் அளந்தாள். அதன் பிறகு தினமும் காலையில் பால் வாங்கியதும் பக்கத்து வீட்டுக்குப் போய், டாக்டர் காட்டிக்கொடுத்த மாதிரி, அந்தக் கையில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே இறங்குவாள். நரம்பு வளர்ந்திருக்கும் இடத்தில் தட்டினால் விரலுக்குள் சுரீரென்று மின்சாரம் மாதிரி ஓடும்.

"இங்க?"

"இல்லக்கா. இன்னும் கீழ."

"இங்க?"

"ஆ. அங்கதான்."

"போன வாரத்துக்கு அரை விரக்கடை நகர்ந்திருக்கு." மங்கை இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். தெருவும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. மளிகைக்கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். எந்த இடத்தில் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் நிறுத்திப் பழகிய இடம்தான் அது.

முழங்கையைத் தாண்டி நாலு விரக்கடை இறங்கியிருந்தபோது, மேற்கை வரைபடத்தை மறுபடி குறிக்க ஆணையம் உத்தரவிட்டது. புது ஒப்பந்தக்காரர், பழைய செயலி. வீட்டிலிருந்தபடியே வேலை, இருபது நிமிஷ வீடியோ, மூன்று பேர் ஒத்தால் பச்சை. மங்கை அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு, மனிதர்கள் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு முழுப் பெயரையும் எழுதி விண்ணப்பித்தாள். யாரும் சரிபார்க்கவில்லை. மூன்றே நாளில் வேலை வந்தது.

இருநூற்று ஆறாம் எண் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நீலவேணி.

"அக்கா, இருநூத்தி ஆறு உங்களுக்கும் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"எங்க போட்டீங்க?"

திரையில் இரண்டு நரம்புக்கும் நடுவே மெல்லிசாக, சாய்வாக, ஒரு வெள்ளை இழை. மங்கையின் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் யாராவது ஒன்றைக் கேட்டு அவள் சொல்லாமல் விட்டதில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

"உடம்பு ஏதும் சரியில்லையாக்கா?"

"உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைப் போடு. எனக்குப் போன் பண்ணாத."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். விரலால் அந்த இழை போன வழியே, அவசரப்படாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இழுத்தாள்.

சிவப்பு வந்தது. மங்கை அடுத்த கையைத் திறந்தாள்.